வாய் பேசாதவள் கையில் துப்பாக்கி

அவன் அந்தப் பையைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஓடி வந்தான்.

நியூயார்க் தெரு ஒன்று. தானா என்ற பெண் கையில் ஒரு பையோடு நடந்து போகிறாள். பைக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து அதை ஓரமாக வைத்துவிட்டு நகர்கிறாள். வருகிற போகிற பெண்களைக் கண்ணால் அளந்துகொண்டு நின்ற இளவட்டம் ஒருத்தன் அதைப் பார்த்துவிடுகிறான். மறந்துவிட்டுப் போகிறாள் என்று எண்ணி, பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறான். அவள் நடையை எட்டிப் போடுகிறாள். அவனும் எட்டிப் போடுகிறான். அவள் ஓடுகிறாள். அவனும் ஓடுகிறான். ஒரு சந்தில் திரும்பினால் அது முட்டுச்சந்து. கையில் பையோடு அவன் வந்து நிற்கிறான். அவள் சுட்டுவிடுகிறாள்.

அவன் யோக்கியன் என்று படம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முன்புவரை அவன் பார்த்துக்கொண்டிருந்த பார்வையை நாமும் பார்த்தோம். ஆனால் சாகிற நேரத்தில் அவன் செய்துகொண்டிருந்தது ஒரு நல்ல காரியம். அந்த முடிச்சை அவிழ்க்காமலே படம் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. எனக்குத்தான் போக முடியவில்லை.

படத்தின் பெயர் ‘மிஸ். 45’. 1981இல் வெளிவந்தது. இயக்கியவர் ஏபல் ஃபெராரா, எழுதியவர் நிக்கோலஸ் செயின்ட் ஜான். தானாவாக நடித்தவர் ஸோயி டாமர்லிஸ். படம் எடுக்கும்போது பதின்பருவத்தைத் தாண்டாதவர். கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். மன்ஹாட்டனில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிற, வாய் பேச முடியாத பெண். ஒரே நாளில் இரண்டு முறை வன்புணர்வுக்கு ஆளாகிறாள். முதல் முறை, வேலை முடிந்து வரும் வழியில், சந்துக்குள் இழுத்துப்போன முகமூடிக்காரனிடம். தட்டுத்தடுமாறி வீடு வந்து சேர்ந்தால், திருட வந்தவன் ஒருத்தன் உள்ளே நிற்கிறான். இந்த இரண்டாமவனை அவள் அடித்துக் கொன்றுவிடுகிறாள். அவன் கொண்டுவந்த .45 துப்பாக்கி அவளுடையதாகிறது. அவன் உடம்பு பை பையாக ஊருக்குள் போய்ச் சேர்கிறது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஆண்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்த காலம். துப்பட்டா மடிப்பில் அம்மா குத்திவிட்ட ஊக்கு எப்போதும் இருக்கும். துப்பட்டா நழுவாமலிருக்க ஒன்று போதும். அம்மா இரண்டு குத்துவாள். இரண்டாவது எதற்கு என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒருநாள் சாயங்கால நெரிசலில் பின்னாலிருந்து ஒரு கை. நகர்ந்தேன். கையும் நகர்ந்தது. ஊக்கைக் கழற்றி விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை பட்டதும் திரும்பிப் பார்க்காமலே ஒரே குத்து. நன்றாகவே இறங்கியது. திரும்பினால், அப்பா வயசுள்ள ஒருத்தர். ஒரு கையில் தூக்குப்போசி. இன்னொரு கை மேல்கம்பியைப் பிடிக்கப் போய்ப் பாதியில் நின்றிருந்தது. டிரைவர் பிரேக் போட்டதில் சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு வேண்டிய ஆள் அதற்குள் இறங்கிப் போயிருந்தான். ஜன்னல் வழியே அவனுடைய கட்டம் போட்ட சட்டையைப் பார்த்த ஞாபகம். அதுவும் நானாகப் பிற்பாடு சேர்த்துக்கொண்டதோ என்னவோ. பெரியவருடைய புறங்கையில் ஒரு பொட்டு ரத்தம். “ஏனம்மிணி?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அந்த முட்டுச்சந்துக் காட்சியில் எனக்குத் தெரிந்தது அந்தத் தூக்குப்போசிதான்.

இந்த வகைப் படங்களுக்கு ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்று பெயர். சுரண்டல் சினிமா. அதை அவர்களே சொல்லிக்கொண்டார்கள், வெட்கமெல்லாம் இல்லை. கையில் இருக்கிற காசுக்கு, கிடைத்த தெருவில், பேப்பரில் அன்றைக்கு ஓடுகிற பரபரப்பை எடுத்து, ரத்தமும் சதையும் சேர்த்துச் சீக்கிரம் விற்றுவிட வேண்டும். நியூயார்க்கில் அதற்கென்றே ஒரு தெரு இருந்தது. 42ஆம் தெருவில், ஏழாவது அவென்யூவுக்கும் எட்டாவது அவென்யூவுக்கும் நடுவே, வரிசையாகத் தியேட்டர்கள். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மூன்று படம், இடைவெளியில்லாத காட்சிகள். படம் பார்க்கப் போனவர்களும் இருந்தார்கள், தூங்கப் போனவர்களும் இருந்தார்கள்.

அந்தத் தெருவுக்குத் தெற்கே ஒட்டினாற்போல இருப்பதுதான் கார்மென்ட் டிஸ்ட்ரிக்ட், துணி தைக்கிற வட்டாரம். தானா வேலை பார்ப்பது அங்கே. தையல் மெஷினை விட்டு எழுந்து பஸ் நிலையத்துக்குப் போகிற ஒரு பெண், இந்த மாதிரிப் படங்களின் போஸ்டர்களைத் தாண்டித்தான் போயாக வேண்டும். படத்தின் ஆரம்பத்தில் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் வெளியே வருகிறார்கள். நடைபாதையின் இரண்டு பக்கமும் ஆண்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், படத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வரப்போகிறவர்களும் அந்த நடைபாதை ஆட்கள்தான். தெரு திரைக்குள் போகிறது, திரை அதே தெருவில் ஓடுகிறது.

அந்த ஊர் அன்றைக்கு இருந்த நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1975இல் நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் விளிம்புக்குப் போய் வந்தது. 1977 ஜூலையில் ஒரு ராத்திரி முழுக்க மின்சாரம் போய், கடைகள் சூறையாடப்பட்டன. 1976லும் 77லும் ஒருத்தன் .44 துப்பாக்கியோடு காரில் உட்கார்ந்திருந்த இளம் ஜோடிகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். பிடிபடுவதற்கு முன்னால் பேப்பர்கள் அவனை அந்த .44ஐ வைத்தே அழைத்தன. அந்த எண் காதில் ஒலித்துக்கொண்டிருந்த ஊருக்குத்தான் ‘மிஸ். 45’ என்று தலைப்பு வைத்தார்கள். 1980இல் மட்டும் அங்கே 1,800க்கும் மேற்பட்ட கொலைகள். 1979 அக்டோபரில், ஆபாசத் தொழிலை எதிர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதே டைம்ஸ் சதுக்கப் பகுதியில் ஊர்வலம் போனார்கள். அவர்களில் யாரும் இந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போஸ்டரைப் பார்த்திருந்தால் நிச்சயம் கிழித்திருப்பார்கள். ஸ்டாக்கிங்ஸ் போட்ட காலும் துப்பாக்கியுமாக, படத்தில் இல்லாத எதையோ விற்கிற போஸ்டர் அது. படம் அந்தப் பெண்ணின் உடம்பைக் காட்டிப் பிழைப்பதில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. கேமரா பெரும்பாலும் அவள் முகத்தில் இருக்கிறது. அந்தக் கண்களுக்காகவே காசு தகும்.

இன்னொன்று. முதலாவது முகமூடிக்காரனாக நடித்திருப்பது இயக்குநர் ஃபெராராவேதான், வேறு பெயரில். அதை நேர்மை என்பதா திமிர் என்பதா, எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

இந்தப் படத்தை நான் அம்மாவோடு பார்த்தேன். திட்டம் போட்டு இல்லை. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக, அந்த இரண்டு காட்சிகளும் முடிந்த பிறகுதான் அம்மா முருங்கைக் கீரையும் முறமுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தவள். கைமடிக்கப் போய், அப்புறம் டெய்லரானவள். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போய் பிசிறு வெட்டியிருக்கிறேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் கதாநாயகி பேசுவதே இல்லை.

இது தற்செயல் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழிவாங்கும் பெண்களைப் பற்றி அந்தப் பத்து வருஷத்தில் வந்த மலிவுப் படங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஸ்வீடனில் 1973இல் வந்த ‘த்ரில்லர்’ படத்தின் நாயகி, கிறிஸ்டினா லிண்ட்பெரி நடித்தது, சிறுவயதில் நடந்த வன்கொடுமையில் பேச்சை இழந்தவள். பிறகு ஒரு கண்ணையும் இழக்கிறாள். தன்னைப் போதைக்கு அடிமையாக்கி விற்கிறவனிடமே இருந்துகொண்டு, கிடைக்கிற காசையும் லீவு நாளையும் வைத்து கார் ஓட்டவும் சுடவும் சண்டை போடவும் கற்றுக்கொள்கிறாள். அதே ஸ்வீடனில் அந்தப் படத்துக்குத் தடை. அமெரிக்காவில் வெட்டி ஒட்டி ‘ஒற்றைக் கண்ணி’ என்ற மாதிரிப் பெயரில் ஓட்டினார்கள்.

ஜப்பானில் 1972இல் தொடங்கிய ‘சசோரி’ படங்கள். சசோரி என்றால் தேள். காதலித்த போலீஸ்காரனால் காட்டிக்கொடுக்கப்பட்டு ஜெயிலுக்குப் போகிறவளாக மெய்கோ கஜி. மூல சித்திரக்கதையில் அவள் வாயைத் திறந்தால் வசவுதான். அதைப் பேச விருப்பமில்லாமல், வசனத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டவர் கஜி. கேட்டது நல்லதாகப் போயிற்று. மூன்றாவது படத்தின் தொடக்கத்தில், சுரங்க ரயிலில் தன்னோடு கைவிலங்கை மாட்டிக்கொள்கிற போலீஸ்காரனின் கையை வெட்டிவிட்டு, அந்தக் கை விலங்கில் தொங்கத் தொங்க நகரத்தின் நடுவே ஓடுகிறாள். ஒரு வார்த்தை கிடையாது. படத்தில் வாய் திறக்காத அந்தப் பெண்தான், தலைப்புப் பாட்டு வரும்போது தன் குரலில் வன்மத்தைப் பாடுகிறாள்.

ஏன் எல்லாரும் ஊமை? சுலபமான பதில்கள் உண்டு. வசனம் இல்லாவிட்டால் ஒலிப்பதிவுச் செலவு குறைவு, டப்பிங் தொல்லை குறைவு, எந்த நாட்டிலும் ஓட்டலாம்; எங்கள் வீட்டிலும் ஓடியதே. கொஞ்சம் கசப்பான பதிலும் உண்டு. இவற்றையெல்லாம் எழுதியவர்கள் ஆண்கள். இந்த நிலையில் ஒரு பெண் என்ன பேசுவாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. வாயைக் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இந்தக் கசப்பான பதிலோடு நான் நிறுத்தியிருப்பேன், ஒரு சம்பவத்தைப் படிக்காமல் இருந்திருந்தால். 1978இல் வந்த ‘டே ஆஃப் தி வுமன்’, பிற்பாடு ‘ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்’ என்று பேர் மாற்றி ஓட்டப்பட்டு, விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் செமையாக வாங்கிக் கட்டிக்கொண்ட படம். அந்தப் படத்தை எனக்குப் பிடிக்காது. நீளமான சித்திரவதையை உட்கார்ந்து பார்க்கவைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் நீதி தருகிறேன் என்கிற பேரம் எனக்கு ஒத்துவருவதில்லை. ஆனால் அதை எடுத்த மெயிர் ஸார்ச்சி சொன்ன காரணம் மறக்கவில்லை. 1974இல் நியூயார்க்கில் காரில் போகும்போது, பூங்கா ஒன்றின் புதரிலிருந்து ரத்தக் காயங்களோடு ஒரு பெண் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார். ஏற்றிக்கொண்டு போலீஸுக்குப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அங்கே போனோமே என்று அவர் பிற்பாடு வருந்தினார். அங்கிருந்த போலீஸ்காரர் அந்தப் பெண்ணிடம் முழுப் பெயரைச் சொல்லு, அதைச் சொல்லு, இதைச் சொல்லு என்று முறைப்படி கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவளுக்குத் தாடை உடைந்திருந்தது. பேச முடியவில்லை.

நியூயார்க் மாநிலச் சட்டத்தில் அந்த 1974 வரை ஒரு விதி இருந்தது. வன்புணர்வு வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் சொல் மட்டும் போதாது. அவள் சொன்னதை உறுதிப்படுத்த வேறு சாட்சியமும் வேண்டும். கைப்பையைப் பறித்துவிட்டான் என்று அதே பெண் சொன்னால் அவள் சொல் ஒன்றே போதும், ஆளைத் தண்டிக்கலாம். பைக்கு ஒரு வாய், உடம்புக்கு ஒரு வாய். 1972இல் கொஞ்சம் தளர்த்தி, 1974இல் எடுத்தார்கள். கட்டிய கணவன் செய்தால் அது குற்றமே இல்லை என்ற விலக்கு அங்கே 1984 வரை நீடித்தது. அந்த வருஷம்தான் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஃபெராராவும் செயின்ட் ஜானும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எழுத உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் தானா ஏன் போலீஸுக்குப் போகவில்லை என்று அந்த ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1974இல் இன்னொன்றும் நடந்தது. ‘டெத் விஷ்’ வெளிவந்தது. சார்ல்ஸ் ப்ரான்சன், நியூயார்க், மனைவி கொலை, மகள் சீரழிக்கப்படுகிறாள், அப்பா துப்பாக்கியோடு தெருவில் இறங்குகிறார். அந்தச் சரக்கு இந்தி வழியாகச் சுற்றிவந்து 1985இல் ரஜினியின் ‘நான் சிகப்பு மனித’னாக நம்மிடமும் வந்து சேர்ந்தது. ப்ரான்சனை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மகள் என்ன ஆனாள்? பேச்சு மூச்சில்லாமல் உறைந்துபோய் மனநல விடுதியில் படுத்திருக்கிறாள். அவள் பேச்சை நிறுத்தினால்தான் அப்பா சுட ஆரம்பிக்க முடியும் என்பது போல. ‘மிஸ். 45’ செய்ததெல்லாம் ஒரு சின்ன மாற்றம்: துப்பாக்கியை அப்பாவிடமிருந்து வாங்கி, படுக்கையில் கிடக்கிற அந்த ஊமை மகளிடம் கொடுத்துவிட்டது.

வாயுள்ள நாயகியும் இல்லாமல் இல்லை. 1973இல் ஜாக் ஹில் எடுத்த ‘காஃபி’யில் பாம் க்ரியர். லாஸ் ஏஞ்சலஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கையை ஹெராயினுக்குப் பலிகொடுத்த கூட்டத்தைத் தேடிப் போகிறாள். தலைமுடிக்குள் சவர பிளேடுகளைச் செருகி வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவாள். எதிராளி முடியைப் பிடித்து இழுத்தால் கை கிழியும். எங்கள் ஊக்கின் பெரியக்கா அது. அவள் பேசுவாள், ஏமாற்றுவாள், சிரிப்பாள், கடைசியில் மக்களுக்காக உழைப்பதாகச் சொல்லிக்கொண்டே அந்தக் கூட்டத்திடம் விலைபோன அரசியல்வாதிக் காதலனையும் சுடுவாள். பார்க்கக் கொண்டாட்டமான படம். ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுப்பது தானாதான்.

ஏனென்றால் தானா பேசாததால் மற்றவர்கள் பேசுகிறார்கள். படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது இதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவளைச் சுற்றி ஆண்கள் ஓயாமல் பேசுகிறார்கள். தன் ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போகிற போட்டோகிராபர், உன்னை எங்கேயோ கொண்டுபோய்விடுவேன் என்கிற தோரணையில் பேசிக்கொண்டே போகிறான். அவள் பதில் சொல்லவில்லை என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து மனைவி போன கதையை ஒருத்தன் சொல்லத் தொடங்குகிறான்; சொல்லச் சொல்ல அவன் எப்படிப்பட்டவன் என்று அவன் வாயாலேயே வெளியே வருகிறது. அவள் துப்பாக்கியை நீட்டினால் அது சுட மறுக்கிறது. அவன் அதை வாங்கித் தன்னையே சுட்டுக்கொள்கிறான். மௌனமாக ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருந்தால் போதும், ஆண்கள் அதில் தங்களுக்கு வேண்டியதையெல்லாம் ஊற்றி நிரப்பிக்கொள்கிறார்கள். அனுதாபம், சம்மதம், ஆசை, எல்லாம். எழுதத் தெரியாமல் வாயைக் கட்டியவர்கள், அந்த வெற்றிடத்தில் தங்கள் பேச்சையே கேட்க நேர்ந்துவிட்டது. இந்தப் படம் மற்றவற்றிலிருந்து பிரிந்து நிற்பது இங்கேதான்.

“அவ ஊமையா, இல்ல பேசறதில்லையா?” என்று அம்மா கேட்டது கிட்டத்தட்ட இந்த இடத்தில்.

“ஊமைம்மா.”

“பேசறவளுகளும் அப்படித்தான் இருந்தோம் கம்பெனில.”

அம்மாவின் கண் துப்பாக்கியில் இல்லை. கம்பெனிக் காட்சி வந்தால் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். முதலாளி ஆல்பர்ட் மெஷின்களுக்கு நடுவே வருகிறான். தானாவின் தலையைத் தடவுகிறான், நாய்க்குட்டியைத் தடவுவது போல. தனியாகக் கூப்பிட்டு அக்கறையாகப் பேசுகிறான். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. “இவனைத்தான் மொதல்ல போட்டிருக்கோணும்” என்றாள் அம்மா. எங்கள் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் இருந்தானாம். பீஸ் கணக்கு எழுதும்போது நோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுவான், குனிந்து பார்க்க வேண்டும். இதை அதுவரை அம்மா என்னிடம் சொன்னதில்லை. பெயர் கேட்டேன். சொல்லவில்லை.

இரண்டாமவனை அவள் கொல்கிற காட்சியை நான் திரும்ப ஒரு தடவை அம்மாவுக்காக ஓட்டினேன், கொலையை மட்டும். முதலில் கையில் கிடைத்த கண்ணாடி ஆப்பிள், மேஜை மேல் அலங்காரத்துக்கு வைத்திருந்தது. அதில் அவன் சாய்கிறான், சாகவில்லை. அடுத்து இஸ்திரிப் பெட்டி. எங்கள் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி எங்களைக் கிண்டல் பண்ணுவார். பத்து வயதில் இரண்டு கையாலும் தூக்கி மணிக்கட்டு நோக வைத்திருக்கிறேன். ஆயிரம் சட்டை மடிப்பை எடுத்த தானாவின் கைக்கு அந்தக் கனம் பழக்கம். துப்பாக்கி அவளுக்கு அந்நியச் சாமான், அது பிறகு வருகிறது. முதல் கொலை அவளுடைய சொந்தச் சாமானால் நடக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “சூடா இருந்துச்சா, ஆறிப்போயிருந்துச்சா?”

கண்ணகியைக் கூப்பிடாமல் இதை எழுதி முடிக்கலாம் என்றிருந்தேன். பெண், பழி, நகரம் என்றதும் அவளை இழுத்துவந்து நிறுத்துவது நம் ஊரில் ஒரு வியாதி. ஆனால் அவளிடம் இரண்டு விஷயம் இருந்தது, தானாவிடம் இல்லாதது. ஒன்று, “தேரா மன்னா” என்று தொடங்கிப் பேச ஒரு வாய், கேட்க ஓர் அரசன், கேட்டுத் தன் தவறை ஒப்புக்கொள்கிற அளவு மானமுள்ளவன். இரண்டாவது, தீயிடம் அவள் ஒரு பட்டியல் கொடுக்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். அந்தப் பட்டியலில் எனக்கு ஆட்சேபம் உண்டு; மதுரையில் இதில் எதிலும் சேராத எத்தனையோ சாதாரண ஜனம் இருந்திருக்கும். ஆனாலும் பட்டியல் என்று ஒன்று இருந்தது. தானாவிடம் அதுவும் இல்லை. முதலில் துரத்துகிறவனைச் சுடுகிறாள். பிறகு தரகனை, பூங்காவில் சூழ்ந்துகொள்கிற ரவுடிகளை. பிறகு, காதலிக்கு முத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஒரு சீனப் பையனைப் பின்தொடர்கிறாள். அவன் சரியான நேரத்தில் கதவைத் திறந்து உள்ளே போய்விடுகிறான், தப்பித்தோம் என்பதே தெரியாமல். அந்த இடத்தில் நான் அவள் பக்கம் இல்லை என்பதை உணர்ந்தேன். 42ஆம் தெருவில் கூச்சல் போட்டுக்கொண்டு பார்த்தவர்கள் எந்த இடத்தில் கூச்சலை நிறுத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.

அம்மாவிடம் அப்போதுதான் அந்தப் பஸ் கதையைச் சொன்னேன். இருபத்திச் சொச்சம் வருஷம் கழித்து.

“அந்த மனுசன் திருப்பி அடிக்கலியா?”

“இல்லம்மா. ஏனம்மிணின்னு கேட்டாரு.”

அம்மா ஒரு காம்பை எடுத்து, விரலைக் கொடுத்து ஒரே இழுப்பில் இலையை உருவி முறத்தில் போட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி ஹாலோவீன் விருந்து. ஆளாளுக்கு வேஷம் போட்டுக்கொண்டு கூத்தடிக்கிற ராத்திரி. தானா கன்னியாஸ்திரி வேஷத்தில் வருகிறாள். கிளம்புவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று தோட்டாக்களை ஒவ்வொன்றாக முத்தமிடுகிறாள். படத்தில் அவள் யாருக்காவது முத்தம் கொடுத்தாள் என்றால் அந்தத் தோட்டாக்களுக்குத்தான். விருந்தில் முதலில் விழுவது ஆல்பர்ட். “இப்பவாச்சும்” என்றாள் அம்மா. அப்புறம் கூடத்தில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக, எல்லாம் மெதுவாக, கனவில் நடப்பது போல. மணப்பெண் வேஷம் போட்டிருந்த ஒருத்தனும் அதில் உண்டு. அப்போது பின்னாலிருந்து கத்தி இறங்குகிறது. குத்துகிறவள் லாரி, கூடத் தைக்கிறவள். தெருவில் சீண்டியவனைத் திருப்பித் திட்டிய, படத்தில் நல்ல வாயுள்ள பெண். தானா துப்பாக்கியோடு சுழன்று திரும்புகிறாள். ஆணாக இருந்தால் சுட்டிருப்பாள். லாரியைப் பார்க்கிறாள். சுடவில்லை. வாய் அசைகிறது. படம் முழுக்கப் பேசாதவள் ஒரே ஒரு சொல் சொல்கிறாள்.

ஸோயி டாமர்லிஸ் பிறகு ஸோயி லுண்ட் ஆனார். 1992இல் ஃபெராராவின் ‘பேட் லெஃப்டினன்ட்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர். ஒரு காலத்தில் வசனமே இல்லாமல் நடித்தவர், அதே இயக்குநருக்கு வசனம் எழுதிக் கொடுத்தார். 1999இல் பாரிஸில் இறந்தபோது 37 வயது.

“கடைசியா என்ன சொன்னா?”

“சிஸ்டர்ன்னு சொன்னாம்மா.”

“சிஸ்டர் வேசம் போட்டிருக்கறது அவதான? அவ எதுக்கு இவளை சிஸ்டருங்கறா?”

அந்தச் சிஸ்டர் இல்லை, கூடப்பிறந்த சிஸ்டர் மாதிரி, என்றேன்.

“அப்ப அக்காங்கறாளா, தங்கச்சிங்கறாளா?”

படத்தைப் பின்னால் தள்ளி லாரியின் முகத்தை நிறுத்திப் பார்த்தேன். வயதைக் கணிக்க முடியவில்லை. தானாவைவிட நாலைந்து வயது கூடவாக இருக்கலாம். அக்கா என்றால், அடிக்க உரிமையுள்ளவளிடம் அடி வாங்கின பிள்ளை ஏன் என்று கேட்பது போல இருக்கும். தங்கச்சி என்றால் மன்னித்துவிட்டுப் போகிற மாதிரி. இரண்டில் எது என்று அந்த உதடுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். அம்மாதான் கடைசியில் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“குத்தினவ பெரியவளாத்தான் இருப்பா” என்றாள் அடுப்படிக்குப் போய்க்கொண்டே.